சக்கரம் சுற்றிக் கொடுத்தவர்

என் மனைவி இதைப் படிப்பாள். அதனால் இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்ல முடியாது. பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது இதுதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு என் மனைவி மேல் பொறாமை. சும்மா இல்லை, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத அளவுக்குப் பொறாமை. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் அச்சோவியம் படித்தவர்கள். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவித் துடைத்து, மேலே ஈரத் தாளை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் படம். வகுப்பில் நான்தான் முதல். ஊசியை எப்படிப் பிடிப்பது என்றே அவள் என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். பதினாறு வருடத்தில் எல்லாம் தலைகீழ். நான் ஒரு பள்ளியில் டிராயிங் வாத்தியார். அவள் படங்கள் ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போகின்றன. போன வருடம் அவளுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அந்த விழாவில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீங்களும் ஏதாவது வரைவீங்களா?" என்று கேட்டார். பல்லைக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் அளந்துதான் பேசினேன்.

பழைய அச்சோவிய பிரஸ் விற்பனைக்கு என்ற விளம்பரத்தை முதலில் பார்த்தது நான்தான். "உனக்காகத்தான்" என்று அவளிடம் சொன்னேன். பொய். வீட்டிலேயே ஒரு பிரஸ் இருந்தால் விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

விற்றவர் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவர். அவர் வீட்டுப் பின்னறையில் அது நின்றது. வார்ப்பிரும்பு, என் நெஞ்சு உயரம். பக்கவாட்டில் ஆறு கைப்பிடிகளோடு ஒரு பெரிய சக்கரம். இழுத்துப் பார்த்தேன். இரண்டு கையும் போட்டு, காலை ஊன்றி இழுத்தால்தான் நகர்ந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்கே?"

"ஒத்தாசைக்கு ஆள் இருந்தா லேசாப் போகும்" என்றார். நான் பேரம் பேச வாயைத் திறக்கும் முன்பே விலையைக் குறைத்தார்.

ஆட்கள் அதை வண்டியில் ஏற்றும்போது அவர் மனைவி கதவோரம் நின்று விசும்பி விசும்பி அழுதார். இரும்புச் சாமானுக்கா இப்படி அழுவார்கள்? வண்டி முனை திரும்பிப் போன பிறகும் அவர் கண் தெருவிலேயே இருந்தது. மெதுவாக நகர்ந்துகொண்டே போனது. வண்டிக்குப் பின்னால் நடந்து போகிற யாரையோ பார்ப்பது போல... தெருவில் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் கார் இல்லாத ஒரு கார் ஷெட் உண்டு. அதில் பிரஸ்ஸை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முயன்றேன். ஒன்றும் தேறவில்லை. மற்ற நாட்களில், நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில், அவள் வேலை செய்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு மாலை ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கொடியில் பன்னிரண்டு படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே நாளில் பன்னிரண்டு! இவளுக்கு வலது தோள் சரியில்லை. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்க மாட்டாள். அந்தச் சக்கரத்தை எப்படிச் சுற்றினாள்?

கேட்டேன்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். "தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் கேட்கக் கௌரவம் விடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஷெட்டு மேசையில் இரண்டு தம்ளர். ஒன்று காலி. இன்னொன்றில் டீ அப்படியே, ஆடை படர்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். அவள் மதியமே தலை வாரிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று பாட்டு வேறு. அவள் பாடிக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் படவில்லை. ஏற்கெனவே அவள் கை மேல் பொறாமை. இப்போது அவள் சிரிப்பின் மேலும்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "மத்தியானத்துல வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?"

"யாரும் வரலையே. நீங்கதான் வர்றீங்க, போறீங்க" என்றார், ஊசியில் நூல் கோத்தபடி.

அந்தம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. 2.50-க்கு வீட்டுப் பக்கச் சந்துக்குள் நுழைந்தேன். ஷெட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தது. அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். கொளுத்தும் வெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை. உள்ளே அவள் மட்டும், தகட்டில் மை துடைத்துக்கொண்டிருந்தாள்.

3.05. யாரும் வரவில்லை. ஷெட்டுக் கதவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. திறக்கவே இல்லை.

3.10.

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

சக்கரம்.

"மெதுவா..." என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்துங்க."

நிறுத்துங்க! மரியாதை வேறு!

கழுத்தை வளைத்துப் பார்த்தேன். பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஆள். சக்கரத்தில் ஒரே ஒரு கைதான் இருந்தது. அது தண்ணீர்க் குழாயைத் திருப்புவது போல லேசாகச் சுற்றியது. நடுத்தர உயரம். கொஞ்சம் கூன். உச்சந்தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்திருந்தது. இந்தச் சொட்டைத் தலையனுக்கா இவ்வளவு சீவிச் சிங்காரித்தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முதுகை எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அவள் தாளை உரித்து எடுத்தாள். படத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் முகம்... தன் முதல் கண்காட்சி அன்று என் பக்கம் திரும்பினாளே, அதே முகம்.

ஓடினேன். கதவை உதைத்துத் திறந்தேன்.

3.14.

அவள் மட்டும்தான் நின்றாள்.

சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

டக்... டக்... நின்றது.

"எங்கே அவன்?"

அவள் விழித்தாள். என்னைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். மறுபடி என்னை.

"இப்போதானே... இங்க நின்னீங்க?"

"யாரு?"

"நீங்க."

பிரஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன்.

"தினமும் மூணு மணிக்கு மேல வந்து சுத்திக் குடுப்பீங்களே..." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "பேச மாட்டீங்க. எது கேட்டாலும் 'ம்'தான். பள்ளிக்கூடத்துல ஏதோ அனுமதி வாங்கிட்டு வர்றீங்கன்னு நினைச்சேன். ராத்திரி அதைப் பத்திப் பேசினா கூச்சப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

"முகத்தைப் பார்த்தியா?"

"பார்க்காம? அந்த நேரத்துலதானே சிரிச்ச முகமா இருப்பீங்க."

அன்று மாலை குளியலறையில் ஒரு கண்ணாடிக்கு எதிரே இன்னொரு கண்ணாடியைப் பிடித்து என் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். உச்சந்தலையில் வட்டமாக ஒரு சொட்டை. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே பிரஸ்ஸை விற்றுவிட்டேன். வாங்கியவர், நோட்டுப் புத்தகம் தைத்து அட்டையில் படம் அச்சடித்து விற்கும் ஒரு அம்மா. தனியாக இருப்பவர். நகரத்தின் அந்தக் கோடியில் வீடு. எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என் மனைவி தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பாட்டு நின்றுபோனது.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு ஞாயிறு. நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரே அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மணி 3.22. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

புத்தகம் தைக்கிற அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். வித்ததோட விட்டுடாம, இவ்ளோ தூரம் தினமும் வந்து சுத்திக் குடுக்கறாரே... யாரு செய்வா இந்தக் காலத்துல?"

நகவெட்டி என் கையிலிருந்து விழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்... வைத்துவிடு...

"இப்போ அங்க இருக்காரா?" என்று கேட்டாள்.

"இதோ, சக்கரத்துகிட்டதான் நிக்கறார். பேசறீங்களா? குடுக்கவா?"

கிர்ர்ர்... டக். போனுக்குள் கேட்டது.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

"குடுங்க" என்றாள்.

நான் போனுக்காகக் கையை நீட்டினேன்.

அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, என்னிடம் அவள் பேசி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்ட குரலில்...

"சாப்பிட்டீங்களா?"

'ம்' என்று மட்டும் பதில் வந்திருந்தால் அவள் உடனே அடுத்ததைக் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பேசுவதை நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு சிரித்தாள்.