கொப்பியைக் காட்டினால்தான் தூள்

எங்கள் அம்மா இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், எட்டுப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கி, அதே மலையில் உழைத்தே எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அழுது வடிய எனக்கு மனமில்லை. அம்மா கெட்டிக்காரி. அதைப் பெருமையோடு எழுதவே மகள் நான் பேனா எடுத்தேன்.

மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், சுக்கு ஐந்தையும் சேர்த்து அம்மா இடிக்கும் தூளுக்கு லயமே அடிமை. மிளகோடு சேர்ந்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒட்டும் என்பார். அடைமழையில் அந்தத் தூள் போட்டு ரசம் வைத்தால் தொண்டைக்கு இதம். வயிற்று மந்தம் போய்ப் பசி எடுக்கும்.

வினையும் அதனாலேயே வந்தது. நீரிழிவு என்ற சீனி வருத்தம் உள்ள அப்பா, கிளினிக் மாத்திரைகளை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டு, இருவேளையும் தூளைக் கரைத்துக் குடித்திருக்கிறார். கால் புண் சீழ் பிடித்துக் காய்ச்சலில் விழுந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர்.

"ஒன் தூளு இருக்கிறப்ப மாத்திர எதுக்குன்னு நெனச்சிட்டேன் புள்ள" என்றார் அப்பா.

"அட பாவி மனுசா! நான் இடிச்சது சோத்துக்குங்க, சீனி வருத்தத்துக்கு இல்ல!"

அம்மா அழுது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்று வாரம் அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். கால் தப்பியது.

வீடு திரும்பிய மறுநாளே அம்மா சட்டம் போட்டார். சீனியோ பிரஷரோ உள்ளவர்கள், மாதாமாதம் மருந்து எடுத்ததைப் பதியும் கிளினிக் கொப்பியைக் காட்டினால்தான் தூள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து கேட்டபோதும், "மொதல்ல கொப்பியக் காட்டுங்கையா, தூளு எங்கயும் ஓடிறாது" என்றார். அவர் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். கிளினிக் நாளில் எங்கள் லயத்திலிருந்து ஒரு பட்டாளமே பஸ் ஏறும், அம்மா தலைமையில்!

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் அம்மா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பெட்டி சுமந்த தம்பிமாருக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

அப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் சுடுகாட்டுக்குச் செங்குத்தான ஏற்றம். வாகனம் பிடிக்கிறோம் என்றோம், கேட்கவில்லை. அம்மாவின் பெட்டிக்குப் பின்னால், எவர் கையையும் பிடிக்காமல், தம் இரண்டு காலாலும் நடந்து வந்தார்.