அண்ணன் விட்டுவந்த ஆட்டம்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அண்ணன் கண்மூடியபோது பக்கத்தில் இருந்தவர்கள் அம்மா, அண்ணி, அண்ணனின் பழைய கோச் ஐயா. அப்பாவும் இருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். நான் இல்லை. தஞ்சாவூரில் பி.ஏ. கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடிக்கும்வரை எனக்குச் சொல்லக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு.

திருவாரூருக்குத் தெற்கே, பண்ணைக்குச் சொந்தமான மேட்டுத் திடலில் எங்கள் கூரைவீடு. அண்ணன் பிறந்தது அங்கேதான். பள்ளிக்கூடம் போனதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். பத்தொன்பது வயதில் ஆறடி ஏழங்குலம். ஒருநாள் தஞ்சாவூர் பஸ்ஸில் நிமிர முடியாமல் கழுத்தை மடக்கி நின்றவரை, ஒரு மில்லின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துவந்த கோச் ஐயா பார்த்துவிட்டார்.

“தம்பி, பந்து புடிச்சிருக்கியா?”

“நாத்து முடிதாங்க புடிச்சிருக்கேன்.”

“நல்லா வீசுவியா?”

“யாரு காலடின்னு சொல்லுங்க. அங்க விழும்.”

அடுத்த மாதமே மில்லில் சேர்ந்தார். ஆடுவதற்கே மாதச் சம்பளம். சென்டர் ஆட்டக்காரர் என்றால் கூடைக்கு அடியில் நிற்பவர். “அடியெல்லாம் நமக்கு, பேரெல்லாம் பந்து போடுறவனுக்கு. நம்ம எடத்த விடாம நிக்கணும், அவ்வளவுதான்டா வேலை” என்பார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனேன்.

குடியிருக்கும் மனை வயல் கூலிகளுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கணக்கெடுக்க அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“பட்டாவ எம் மவன் பேருலயே எழுதுங்க. மில்லு ஆட்டக்காரரு. மாசச் சம்பளம். வயல்ல காலே வைக்கிறதில்ல!”

“அப்ப ஒம் மவன் தொரதான்யா” என்றார் கிளார்க். தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

அதையே பண்ணை பிடித்துக்கொண்டது. மாதச் சம்பளக்காரர் வயல் கூலி ஆகமாட்டார், மனையைக் காலி செய்ய வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். தாசில்தார் ஆபீசில் போய் அப்பா பேருக்கு மாற்றக் கேட்டோம். “எழுதுனது எழுதுனதுதான். மவன் வயலுக்குத் திரும்பிட்டாருன்னா மறுபடி விசாரிப்பாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

விலகல் கடிதத்தை எழுதியவன் நான். அப்போது ஏழாம் வகுப்பு. அண்ணன் கையெழுத்து மட்டும் போட்டார். அவருக்கு இருபத்தாறு வயது.

கோச் ஐயா ஊருக்கே வந்துவிட்டார். “இன்னும் எட்டு வருஷம் ஆடுவடா நீ!”

“அதுவரைக்கும் வீடு இருக்காதுங்களே, ஐயா.”

மறுவாரம் அண்ணன் வரப்பில் நின்று நாற்று முடி வீசினார். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் விடவில்லை.

“ஏ கொக்கு, மேல கூடையில்ல. கீழ நாங்க நிக்கிறோம், பாத்து வீசு!”

“ஆடாம நில்லுங்க அத்தாச்சி. எதிர் டீம்காரன்கூட இப்புடி ஓடமாட்டான்!”

நாற்றுப் பறிக்கக் குனிந்தால் அந்த உடம்பு நிமிரப் பெரும்பாடு. ஆனாலும் அப்பாவை ஒரு சொல் சொன்னதில்லை. அப்பாதான் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இரண்டு சம்பா கழிந்து பட்டா வந்தது. அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார். அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கூடைக்கு அடியில் வேறொருவர் நின்றார். முடியும்வரை பார்த்துக் கைதட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். அதன்பின் வயல்தான். முப்பத்தைந்து வயதில் நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

அண்ணனின் உயரத்துக்குப் பாடை மூங்கில் போதாமல், தங்கள் வீட்டுக் கூரையிலிருந்து உருவித் தந்த தெருவாருக்கும், தோள் கொடுத்த பழைய அணித் தோழர்களுக்கும், பதினாறாம் நாள் வரை உடனிருந்த கோச் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுத உட்கார்ந்தபோது அப்பா வந்து, “நான் சொன்னதையும் மறைக்காம எழுதுய்யா” என்றார். எழுதிவிட்டேன்.

மனை ஒன்பது குழி, மூன்று சென்ட். பட்டாவுக்குத் தாசில்தார் ஆபீசில் எங்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனது எட்டு வருஷ ஆட்டம்.