பள்ளத்துப் பக்கம் நடந்தவள்

லாரியின் முன்மூடியைத் திறந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு மேல் காதைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்கிறாள். முகத்தில் அனல் அடிக்கிறது, அசையவில்லை. இருக்கையிலிருந்து ஓட்டுநர் ஏதோ கேட்க வாயெடுத்தால், பேசாதே என்று ஒரு விரல் உயர்கிறது. அப்புறம் நிமிர்ந்து, "மூணாவது இருமுது," என்கிறாள். கழற்றிப் பார்த்தால் கோளாறு மூன்றாவது சிலிண்டரில்தான் இருக்கும்.

ராணுவப் போக்குவரத்துப் பிரிவின் அந்தக் கொட்டகையில் அவளுக்கு டாக்டர் என்று பெயர். வயது இருபத்திரண்டு. துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மாவுக்கு ஒரே பெண். சேர்ந்தபோது, ஏன் ராணுவத்துக்கு வருகிறாய் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், "பெரிய வண்டி ஓட்ட" என்று எழுதினாள். ஓட்டிக் காட்டச் சொன்னபோது கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. இறங்கிப் போய்ப் படுக்கையிலிருந்த கம்பளியை எடுத்து வந்து நான்காக மடித்து, முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டு ஓட்டினாள். சோதிக்க வந்தவர் சிரிப்பை அடக்கத் தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம்.

யார் எந்தக் குறையோடு வந்தாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "சரி, அப்புறம்?" பிரேக் பிடிக்கவில்லை, சரி, அப்புறம்? தூக்கமே இல்லை, சரி, அப்புறம்? இரண்டு தரம் கேட்டாளென்றால் வந்தவருக்கே பாதி வழி தெரிந்துவிடும்.

இப்போது அவள் கையில் மூன்று பட்டைகள். சார்ஜென்ட். நான்கு வருட ஒப்பந்தத்தில் சேர்கிறவர்கள் அது முடிவதற்குள் இரண்டு பட்டை வாங்கி கார்ப்பரல் ஆனாலே பெரிய காரியம். மூன்றாவதுக்கு இரண்டாவது ஒப்பந்தம் வேண்டும், சிலருக்கு மூன்றாவதும் வேண்டும். முதல் ஒப்பந்தத்திலேயே அதை வாங்கியவர் அந்தப் பிரிவில் இவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

அது எவ்வளவு அரிது என்று மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் அங்கே இருக்கும் மூத்த கார்ப்பரல். எல்லோருக்கும் அவர் அண்ணன். ஒன்பது வருடமாக இரண்டு பட்டையோடு இருக்கிறார். அடுத்துக் காலியாகிற சார்ஜென்ட் இடம் அவருக்குத்தான் என்று போன வருடம்வரை ஊரறிந்த பேச்சாக இருந்தது. சார்ஜென்ட்டுகளுக்குக் குடும்பத்தோடு இருக்க இரண்டு அறை வீடு உண்டு. அவர் மனைவி அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில், மலைமேல் துண்டிக்கப்பட்ட குடியிருப்புக்குத் தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஆறு லாரிகள் போயின. முதல் வண்டி அண்ணனுடையது, கடைசி வண்டி அவளுடையது. பாதி வழியில் எதிரே மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. நடந்து பார்க்கப் போன தலைமை சார்ஜென்ட் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்ள, பின்னால் வந்த ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. வயர்லெஸ்ஸில் கொரகொரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. லாரி திரும்ப இடம் கிடையாது. ஒரு பக்கம் மலை, அது அவ்வப்போது கல்லை உருட்டிவிட்டது. மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். வண்டி திருப்பும் அளவுக்கு அகலமான இடம் ஒரு கிலோமீட்டர் கீழே, ஒரு பழைய கல் குவாரியில் இருந்தது.

அவள் அண்ணனின் கதவருகே வந்து நின்றாள். இனிமேல் அவர்தான் பெரியவர், என்ன செய்யலாம் என்று கேட்டாள். அண்ணனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை கழன்று வரவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மற்ற ஓட்டுநர்கள் காதில் விழும்படி சொன்னாள்:

"சரிண்ணே. நீங்க சொன்ன மாதிரியே கடைசி வண்டிலேருந்து ஒண்ணொண்ணா பின்னால எறக்கிடறேன்."

தன் வண்டியைப் பின்னோக்கியே குவாரிவரை இறக்கிவிட்டு, மழையில் மேலேறி வந்தாள். அடுத்த வண்டியின் ஓட்டுநர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கை நடுங்குகிறது என்றார்.

"சரி, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா."

"அப்போ ரிவர்ஸ் போடுங்க. கண்ணாடில என்ன மட்டும் பாருங்க, பள்ளத்தப் பாக்காதீங்க. நான் நிக்கிற எடத்துல தரை இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய் நின்றது மலைப் பக்கம் அல்ல, பள்ளத்துப் பக்கம். சாலையின் விளிம்பில், சக்கரத்துக்கும் ஆகாயத்துக்கும் நடுவே, கையை நீட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். அவள் கால் பட்ட இடம்வரை சக்கரம் வரலாம் என்று அர்த்தம். ஒரு கிலோமீட்டர் இறக்கினாள், ஏறி வந்தாள், மறுபடி இறக்கினாள். ஐந்து தரம் அப்படி நடந்தாள். கடைசியில் அண்ணனின் வண்டி. நான்கு மணி நேரமாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருடைய கை எப்போது தளர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியில் தெரிந்த அந்தச் சிறு உருவத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதது போல ஓட்டினார்.

குவாரியில் இறங்கியதும் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் உதறியதில் முடிச்சு அகப்படவில்லை. அண்ணன் குனிந்து அவிழ்த்துவிட்டார். பயமாக இருந்ததா என்று கேட்டார்.

"மொத நடையிலேருந்தேண்ணே," என்றாள்.

பயமறியாத பெண் என்று அதுவரை நினைத்திருந்தார். பயத்தையும் கூட்டிக்கொண்டா இவ்வளவு தூரம் நடந்தாள் என்று அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடி நினைத்துக்கொண்டார்.

அறிக்கையில் அவள் எழுதியது நாலே வரி. உத்தரவு மூத்த கார்ப்பரலுடையது, முதல் வண்டியில் இறுதிவரை காவல் நின்றவரும் அவரே என்று இருந்தது. மேலதிகாரி அவரை அழைத்துப் பாராட்டினார். பேசாமல் தலையாட்டியிருந்தால் மூன்றாவது பட்டையும் இரண்டு அறை வீடும் அன்றே கைக்கு வந்திருக்கும்.

"இதுல எழுதியிருக்கறது தப்பு சார்," என்றார் அண்ணன். "நான் உத்தரவு எதுவும் குடுக்கல. என்னால வண்டிய விட்டே எறங்க முடியல. எல்லாம் அந்தப் பொண்ணு."

வீட்டில் மனைவியிடமும் சொன்னார். அவள் தைத்து வைத்த திரைச்சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, அந்தப் பெண் பார்க்க எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

சார்ஜென்ட் ஆவதற்கான பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் தேறினாள், அணிவகுப்புக்குக் குரல் கொடுப்பதில் மட்டும் தவறினாள். கீச்சுக் குரல், இரண்டாம் வரிசையைத் தாண்டாது. அதற்கும், "சரி, அப்புறம்?" என்று தன்னையே கேட்டிருப்பாள் போல. காலித் தண்ணீர் டேங்கருக்குள் இறங்கி ஒரு மாதம் கத்தினாள். சமையல்காரர் ஒருவர், டேங்கருக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாக ஏணியோடு ஓடிவந்த கதையும் உண்டு. மறு தேர்வில் அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மைதானத்தில் போய்க்கொண்டிருந்த அணியும் சேர்ந்து நின்றதாம்.

பட்டை அணிவிக்கும் நாளில் ஒரு தோளுக்கு அதிகாரி, மறு தோளுக்கு அவரவர் விரும்பும் ஒருவர் என்று அந்தப் பிரிவில் வழக்கம். அம்மாவைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவள் அண்ணனின் பெயரைக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் நடந்து வந்தார். பட்டை கையில் நிற்கவில்லை, ஊசி இரண்டு தரம் துணியைத் தவறவிட்டது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறைப்பாக நிற்கும்போது இமைகூட அசையக் கூடாது என்பது சட்டம். அவள் நேரே பார்த்தபடியே, அந்தத் தோளை மட்டும் ஒரு விரற்கடை தாழ்த்தினாள், அவர் கையை ஊன்றிக்கொள்வதற்கு.