நாளைய தேதியிட்ட எலுமிச்சை

கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலை அமைக்கும்போது கடிகாரப் பகுதிக்குரிய உதவிக்குறிப்பில் விதி தெளிவாகவே இருக்கிறது: கணினி எழுந்ததும் வன்பொருள் கடிகாரத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும், அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓட வேண்டும். முதல் பாதியைப் படித்து ‘ஆம்’ என்று தேர்ந்தெடுத்தேன். மறுபாதியை, நான் ஓய்வுபெற்ற அரசு அலுவலகத்தில் எல்லாரும் செய்வதுபோல, படித்ததாகக் கருதிக்கொண்டேன்.

புளியங்குடியில் நண்பரின் எலுமிச்சை மண்டியில் அரதப் பழைய கணினி ஒன்று உண்டு. லாரிக்கான அனுப்புச் சீட்டை அடிப்பது அதுதான். அதற்காகத் தென்காசி வீட்டில் புதிய கெர்னல் கட்டி எடுத்துப்போனேன். மண்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வன்பொருள் கடிகாரத்தில் நேரம் வைத்தேன். காலையில் சோதனைச் சீட்டு சரியான தேதியுடன் வந்தது. சீட்டில் மணி அச்சாகாது.

அன்றிரவு குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது நண்பர் அழைத்தார்.

“சார், செக்போஸ்ட்ல லாரியை நிப்பாட்டிட்டான். சீட்டுல நாளைத் தேதி போட்டிருக்காம்.”

“காலையில சரியாத்தானே வந்துது அண்ணாச்சி?”

“காலையில எவன் சார் லோடு ஏத்துதான்? விடியுமுன்ன கேரளாச் சந்தைக்குப் போகலன்னா பழம் தார்ப்பாய்க்குள்ளயே அவிஞ்சிரும். அப்புறம் உங்க கெர்னலைத்தான் ஊறுகா போடணும்.”

ஈர வேட்டியோடு புளியங்குடிக்கு விரைந்தேன். வழியிலேயே விளங்கிவிட்டது. நம் ஊர் நேரத்தைப் பொது நேரமென்று நம்பிய கெர்னல், அதை இந்திய நேரமாக்க அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டியிருந்தது. மாலை ஆறரை தாண்டினால் அதற்கு மறுநாள். லோடு ஏறியதோ ஏழு மணிக்கு மேல்.

கடிகாரத்தைப் பின்னால் நகர்த்தி, கணினியை மறுபடி எழுப்பி, புதுச் சீட்டு அடித்து ஓட்டுநருக்குப் படம் அனுப்பினோம்.

“ஒரே லோடுக்கு ரெண்டு சீட்டா? மேல கேட்டுத்தான் சொல்லணும்னு செக்போஸ்ட் ஆபீசர் சொல்லிட்டாரு” என்றார் ஓட்டுநர். பணியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நண்பர் கணினியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாசலுக்குப் போவார். “அங்கன என்னதான் செய்யுதானுவோ?” மீந்த பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஓட்டுநர் அழைத்தார். “விட்டுட்டாவ அண்ணாச்சி! மிதிச்சா சந்தையைப் பிடிச்சிரலாம்.”

“எந்தச் சீட்டுக்கு?” என்றேன்.

“மொதச் சீட்டுக்குத்தான் சார்.”

நள்ளிரவு தாண்டியிருந்தது. மேலிடத்துப் பதில் வந்த தேதி, என் கெர்னல் மாலையிலேயே அடித்துக்கொடுத்த அதே தேதி.