அக்கா நடத்திய பௌர்ணமி நடை

எங்கள் அக்காவைக் 'குலவிளக்கு' என்று இந்த நினைவு மலரில் போட வேண்டும் என்று உறவினர் சிலர் சொல்லி அனுப்பினார்கள். நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார்கள். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் உயிரோடு இருந்தபோது பல வருடங்கள் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வைக்காதவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சொல் அது. நான் போடவில்லை. நடந்ததை எழுதுகிறேன். படிக்கக் கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் பிறந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொஞ்சம் நிலம்தான் எங்கள் சொத்து. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா தட்டச்சு கற்று, தேர்வு எழுதி, மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயத்தில் வேங்கிக்காலில் அரசு வேலையில் சேர்ந்தார். அம்மாவையும் தங்கையான என்னையும் டவுனுக்கு அழைத்துவந்து, என்னைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துகொடுத்தார். தனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்தார். அப்போது அதைத் தியாகம் என்று மெச்சிய அதே சொந்தங்கள் பின்னால் அதையே குறையாகச் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் வயதுக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது சர்வ சாதாரணம். அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணையும் படிக்கும் ஒரு பெண்ணையும் சேர்த்துவிட வேண்டும். என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம், வீட்டில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் கேட்க அந்தச் சின்னப் பெண்ணுக்கென்று ஓர் ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்டார்.

"வயசுப் பொண்ணை ஊரான் வீட்டுக்கு எதுக்குங்க அனுப்பணும்? கல்யாணமே ஆகாதவங்க என்னத்த சொல்லித்தரப் போறீங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து சிரித்தார். "டியூஷனுக்கு விடமாட்டேன்னு சொல்றாங்க. கிரிவலத்துக்கு விடமாட்டேன்னு சொல்ற அப்பன் இந்த ஊர்ல எவனாவது இருக்கானா?" என்றார்.

அப்படித்தான் பௌர்ணமி நடை தொடங்கியது. மாலையில் அலுவலகம் முடிந்ததும் கிளம்புவார்கள். வேலைக்குப் போகும் ஒருவருக்குப் படிக்கும் ஒரு பெண். மலையைச் சுற்றி முடிக்கும்வரை பேச்சுதான். ஆசிரியை இருந்தார், வங்கியில் வேலை செய்தவர் இருந்தார். நர்ஸாக இருந்த நசீமா, அக்காவின் நெருங்கிய தோழி. "நீங்க எப்படிங்க மலையைச் சுத்துவீங்க?" என்று ஒரு பெண்ணின் அம்மா கேட்டபோது, "நடக்கறதுக்குக் கால் இருந்தா போதும்ங்க" என்றார். நின்றுபோன பெண்கள் சிலர் அந்த நடையால் மறுபடி பள்ளிக்கூடம் போனார்கள்.

அக்கா ஒரு தவறு செய்தார். ஊர்வாய்க்குப் பயந்து, பெண்கள் பாவாடை தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து, திருநீறு பூசி வர வேண்டும் என்று சொல்லிவைத்தார். பக்தி என்றால் பக்தி மாதிரித் தெரிய வேண்டுமே. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை.

எங்கள் சித்தப்பா யோசித்தார். மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் பெண்ணுக்குப் பேர் கெடும். பௌர்ணமிக் கூட்டத்தில் பார்த்துவிட்டுப் போனால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அவர் மகள் செல்வி அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், கணக்கில் கெட்டிக்காரி. அவளைத் தானே கொண்டுவந்து விட்டார். சொந்தத்தில் ஒருவராவது மனம் மாறினாரே என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. செல்வியைத் தன்னோடேயே நடக்க வைத்துக்கொண்டார்.

வழியில் அடி அண்ணாமலையில் டீக்கடை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். "கால் வலிக்கும்மா, உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். எதிர் பெஞ்சில் இருந்த மூன்று பேரை யாரோ யாத்ரீகர்கள் என்று அக்கா நினைத்தார். அடுத்த வாரம் அதே மூன்று பேர் வந்து செல்விக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். பரீட்சைக்கு முன்பே முகூர்த்தம்.

அக்கா சித்தப்பா வீட்டுக்கு ஓடினார். "பரீட்சை எழுதட்டும் சித்தப்பா. அவளுக்கு இன்னும் பதினெட்டுகூட ஆகல."

"மாப்ள வீட்ல அவசரப்படறாங்க. நீ படிச்சு என்னத்தக் கண்ட?"

"சோறு கண்டேன். எங்கம்மாவுக்கும் போட்டேன். கல்யாணத்த நிறுத்தலன்னா மனு குடுப்பேன்."

"சொந்த சித்தப்பன் மேல மனு குடுப்பியா? குடு, பாக்கறேன்."

அக்கா கொடுத்தார். விசாரிக்க வந்தவர்களிடம் பெண்ணுக்குப் பத்தொன்பது என்று உறவுகள் கூடி நின்று சொன்னார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அன்று தலையாட்டியவர்கள் சிலரும் இருக்கிறீர்கள். மணமேடையில் சித்தப்பா அக்காவை அழைத்து முதல் தாம்பூலத்தை நீட்டி, "இந்தச் சம்பந்தம் அமைய எங்க அண்ணன் பொண்ணோட புண்ணியம்தான் காரணம்" என்று மைக்கில் சொன்னார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த அவமானத்துக்குத்தான் எல்லோரும் அவரை ஒதுக்கினீர்கள்.

ஒதுக்கியது அவருக்கு வலிக்கவில்லை. அவரை உள்ளுக்குள் அரித்தது செல்வி சொன்னதுதான். "நீ பக்கத்துல இருந்தன்னுதான் அந்த பெஞ்சுல உக்காந்தேன்கா. அப்பா மட்டும் கூப்பிட்டிருந்தா எதுக்குன்னு கேட்டிருப்பேன்."

பௌர்ணமி நடை அதோடு நின்றது. பிறகு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலேயே பெண்களைச் சேர்த்தார். ஒரே நிபந்தனை, பன்னிரண்டாவது முடியும்வரை வரன் பார்க்க மாட்டேன் என்று பெண்ணின் அப்பா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். "என் பேச்சை நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம் "மாட்டேன்ங்க" என்றார். பாதிப் பேர் கற்பூரத்தைப் பார்த்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். மீதிப் பெண்கள் படித்தார்கள். புற்றுநோய் வந்து அக்கா படுக்கையில் விழுந்தபோது, முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்தவர்கள் அவர்கள்தான். சொந்தங்கள் காரியத்துக்கு வந்தீர்கள். எண்ணிக்கையில் குறைவில்லை.

காரியத்தன்று அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, "எத்தனை பொண்ணுங்களைப் படிக்க வெச்சா தெரியுமா?" என்று சித்தப்பா நாலு பேரிடம் பெருமையடித்தார். அதே மூச்சில், பத்தாவது படிக்கும் தன் பேத்திக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நல்ல இடம் ஒன்று இருப்பதாகவும் சொன்னார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த செல்வியின் காதில் அது விழுந்தது. பேத்தி என்றால் அவள் பெற்ற மகள்.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள். "என்னை யாரும் கேக்கலக்கா. இவளை நான் கேட்டுட்டேன். படிக்கணும்னு சொல்றா" என்றாள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். கடைசிவரை அக்காவின் கையைப் பிடித்திருந்த நசீமாவுக்கு நன்றி. முறை வைத்து வந்த பெண்களுக்கும், கற்பூரத்தை அணைத்துவிட்டுச் சொன்ன சொல் காத்த அப்பாக்களுக்கும் நன்றி. மனைவியைத் தடுக்காத செல்வியின் கணவருக்கு நன்றி.

சித்தப்பா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். உங்கள் பேத்தி என் வீட்டில் இருந்து பதினொன்றாவது படிக்கிறாள். அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். தனியாக வாருங்கள்.