மேசைக்கால் கேசட்

அரியலூரில் எங்கள் உள்ளூர் டிவியை மூடப்போகிறார்கள் என்றதும், அதன் வரலாற்றை எழுதலாமென்று போனேன். பழைய வீடியோ கேசட்டுகளில் ஒரு திருவிழாவின் மேல் இன்னொன்றைப் பதிந்து எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். மிஞ்சியது, மேடையில் நான் பேசிய நகைச்சுவைப் பேச்சு மட்டும்.

"மேசை ஆடுச்சு சார். அந்தக் கேசட்டை அதோட காலுக்கு முட்டு குடுத்துட்டோம். அதான் தப்பிச்சுது," என்றார் உரிமையாளர்.

இறந்த கணவர் எதிலாவது தெரிவாரா என்று தேடி, விக்கிரமங்கலத்து அம்மா ஒருவரும் வந்திருந்தார். அவருக்காக அந்தக் கேசட்டையே போட்டுக் காட்டிய உரிமையாளர், சற்று நேரத்தில் அணைக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க!" என்று அந்த அம்மா அலறினார்.

என் பேச்சுக்கு யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

திரையில், முன்வரிசையில் ஒருவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரருங்க. நெஞ்சு ஏறி எறங்குது பாருங்க!"

நான் திரையருகே குனிந்தேன். அதற்குள் பேச்சு முடிந்து, திரை வெளுத்துவிட்டது.

நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம்.