மடையருகே கிடந்த மைக்

தண்ணீருக்கடியில் நொடிப்பொழுது எழும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. அதற்காகத் திருப்பரங்குன்றம் பக்கத்துக் கண்மாயில் நான்கு மைக்குகளை இறக்கியிருந்தேன். பரிசல் தந்தவர் மீன் குத்தகைக்கார அண்ணன்.

ஒருநாள் அவர், "தம்பி, மடைக்கிட்ட முங்குனேன். டொக்கு டொக்குன்னு கேக்குது, என்னன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். "கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லண்ணே, ஒங்க பிரமை" என்று சிரித்தேன்.

மறுவாரம் மடைச்சுவர் இடிந்து, அவர் வளர்த்த மீனெல்லாம் வாய்க்காலோடு போய்விட்டது.

பதறிப்போய்ப் பழைய பதிவைக் கேட்டேன். மடையருகே கிடந்த மைக்கில் மட்டும் டொக்கு டொக்கு. மூன்று மைக்கிலாவது கேட்டால்தான் இடத்தைக் கணக்கிட முடியும்; ஒன்றில் மட்டும் கேட்பதை இரைச்சலென்று நீக்கும்படி ப்ரோகிராம் எழுதியவன் நான்தான்.

"ஒங்க மெஷினுக்கே கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீக தம்பி" என்று அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

தலையாட்டினேன். மெஷினுக்குக் கேட்டிருந்தது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.